செகண்ட் ஷைக்கு மார்க்ஸ் வெட்டுவாங்களாமே?

கொஞ்ச நாளைக்கு முதல் ஒரு வெள்ளிக்கிழமை பத்ரகாளி அம்மன் கோயில் வாசல்ல செருப்புத் தேடிக்கொண்டு நிண்டனான். (எப்ப போனாலும் என்ர ஒரு செருப்பு மட்டும் தனியாப் பயணம் போயிடும். இது நீண்டகாலப் பிரச்சினை. இன்னொரு நாள் கதைப்பம்.) தோளில ஒரு தட்டு. திரும்பிப் பாத்தா எங்கட ஒழுங்கை மாமி.

"அக்காட மகளுக்கு ஏ.எல் ரிசல்ட் எப்பிடியாம்?"

"பரவாயில்ல மாமி. ஆனா இன்னொருக்கா எடுக்கப்போறன் எண்டு நிக்கிறா."

மாமி சுத்திவரப் பாத்தா. செத்தவீட்டில கதைக்கிற மாதிரி சத்தத்தைக் குறைச்சா.

"ஐயோ பிள்ளை... செகண்ட் ஷைக்கு மார்க்ஸ் வெட்டுவாங்களாமே?"

எனக்கு வந்த கோவத்துக்கு மிச்சச் செருப்பையும் அங்கயே விட்டிட்டு வந்திருப்பன்.

கோவம் மாமியில இல்ல. இதே வசனத்தை 2010 இல என்னட்டையும் ஒராள் சொன்னவர். நான் நம்பினனான். கோவம் அதிலதான்.

வீட்டை வந்தா அங்க பெரிய மாநாடு நடக்குது. அக்கா, அத்தான், என்ர தம்பி, அதோட வட்ஸ்அப் வீடியோவில நியூஜெர்சி மச்சாள் (முகம் தெரியாது, அவவின்ர வீட்டுச் சீலிங் மட்டும் வடிவாத் தெரியுது). நடுவில பிள்ளை குந்திக்கொண்டிருக்கிறா. கையில தேத்தண்ணி. ஆறி ஆடை கட்டிட்டுது.

தம்பி: "ரிப்பீட் எண்டா எவ்வளவு நல்லாச் செய்தாலும் சி-க்கு மேல குடுக்க மாட்டாங்கள்."

மச்சாள்: "இல்லையில்ல, பழசையும் புதுசையும் சேத்துத்தான் சராசரி பாப்பினம். என்ர மகனுக்கு அப்பிடித்தான் நடந்தது."

அத்தான்: "ரெண்டாந்தரம் எடுக்கிற பிள்ளையளின்ர பேப்பரைக் கொஞ்சம் இறுக்கித்தான் திருத்துவினம்."

ஆர் சொன்னது எண்டு அத்தானைக் கேட்டன். "பொதுவாச் சொல்லுறவை" எண்டார். (இந்தப் "பொதுவாச் சொல்லுறவை"யை ஒருநாள் நேர கண்டு ரெண்டு கேள்வி கேக்கோணும்.)

இதில வேடிக்கை என்னெண்டா, தம்பி பொய் சொல்லேல்ல. மச்சாளும் பொய் சொல்லேல்ல. தங்கட கண்ணுக்கு முன்னால நடந்ததை ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்லுகினம். ஆனா பிள்ளை எழுதப்போறது அவையின்ர சோதினை இல்ல. எங்கட சனத்துக்கு ஒரு பழக்கம்: தான் ஏறின பஸ்ஸின்ர நேரத்தைத்தான் எல்லாருக்கும் சொல்லும். மற்ற ஆள் ரெயினுக்குப் போறார் எண்டதை யோசிக்காது.

அதால இண்டைக்கு இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும். தேத்தண்ணி ஆற முதல் குடிச்சிட்டு வாங்கோ.

*

முதல்ல மாமிக்குப் பதில். வெட்ட மாட்டாங்கள்.

ஏ.எல் இல முதல்தரம் எழுதினவருக்கு ஒரு தராசு, ரெண்டாந்தரம் எழுதினவருக்கு இன்னொரு தராசு எண்டு இல்ல. ஒரே பேப்பர், ஒரே புள்ளித்திட்டம். விடைத்தாளில இருக்கிறது சுட்டெண். "இவ போன வருஷம் காதலிச்சுக்கொண்டு திரிஞ்சவ" எண்டு அதில ஆரும் எழுதி அனுப்பிறேல்ல.

பழைய ரிசல்ட்டைப் புது ரிசல்ட்டோட கூட்டிப் பிரிக்கிறதும் இல்ல. ஒவ்வொரு முறையும் புதுப் பலகை, புதுச் சோக்கட்டி. இதில ஒரு நன்மை, ஒரு தீமை. நன்மை, போன வருஷம் எடுத்த எஃப் உங்களைத் துரத்திக்கொண்டு வராது. தீமை, போன வருஷம் எடுத்த ஏ-யும் உங்களோட வராது! மூண்டு பாடமும் ஒரே தடவையில எடுத்ததா இருக்கோணும். "உயிரியல் போன வருஷத்துது, பிசிக்ஸ் இந்த வருஷத்துது" எண்டு மீன் கூறு போட்ட மாதிரிப் பொறுக்கி எடுக்கேலாது.

மொத்தம் மூண்டு தரம் எழுதலாம். அதுக்கு மேல கம்பஸுக்கு எண்டு எழுதேலாது. பொதுச் சாதாரணப் பரீட்சையில குறைஞ்சது 30 புள்ளி எடுத்திருக்கோணும். (சிரிக்காதேங்கோ. மூண்டு ஏ எடுத்துப்போட்டு இதில தடக்குப்பட்டவை இருக்கினம்.)

முதல் ரிசல்ட்டுக்கு விண்ணப்பத்தைப் போட்டு வைச்சுக்கொண்டே ரெண்டாந்தரம் படிக்கலாம், கனபேர் அப்பிடித்தான் செய்யினம். ஆனா ஒரு கற்கைநெறி கிடைச்சு அதில பதிஞ்ச பிறகு அடுத்த வருஷம் திரும்ப விண்ணப்பிக்கிறதுக்குக் கட்டுப்பாடு இருக்கு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருஷமும் ஒரு கைநூல் போடும். அதை வாசியுங்கோ. தயவுசெய்து வாசியுங்கோ. எங்கட ஊரில அந்தப் புத்தகத்தை வாங்கிறவை கனபேர், திறக்கிறவை குறைவு.

*

இப்ப இசட் ஸ்கோர். கண் சொக்க வேண்டாம், சுருக்கமாச் சொல்லுறன். இதை எனக்கு 2010 இல ஆரும் ஒழுங்காச் சொல்லித் தந்திருந்தா இந்தப் பதிவே வந்திருக்காது.

2001 இல இருந்துதான் கம்பஸ் அனுமதிக்கு இந்த முறை. அதுக்கு முதல் நாலு பாடம், 400 புள்ளி, மொத்தத்தைக் கூட்டு, மேல இருந்து வெட்டு. அதில என்ன சிக்கல் எண்டா ஒரு பாடத்தின்ர பேப்பர் லேசாயும் இன்னொண்டு கொடுமையாயும் வந்தா, லேசான பாடம் எடுத்தவை முந்திடுவினம்.

இசட் ஸ்கோர் கேக்கிறது "நீ எத்தனை மார்க்ஸ்?" எண்டு இல்ல. "இந்த வருஷம் இந்தப் பேப்பரை எழுதின சனத்தில இருந்து நீ எவ்வளவு தள்ளி நிக்கிறாய்?" எண்டுதான். உங்கட புள்ளியில இருந்து எல்லாரின்ர சராசரியைக் கழிச்சு, நியம விலகலால பிரிக்கிறது. மூண்டு பாடத்துக்கும் அப்பிடி எடுத்து, கூட்டி, மூண்டால பிரிச்சா உங்கட இசட் ஸ்கோர். நாலு தசம தானத்துக்குப் போகும். அந்த நாலாவது தானத்தில டொக்டர் ஆகாமப் போனவையும் இருக்கினம்.

இனி நான் விட்ட பிழையைச் சொல்லுறன்.

2010 இல முதல்தரம். பயோ பி, கெமிஸ்ட்ரி சி, பிசிக்ஸ் எஸ். சண்டை முடிஞ்சு ஒரு வருஷம். டவுன் மெல்ல மெல்ல மூச்சு விடத் தொடங்கின காலம். என்னோட படிச்ச கிண்ணியாப் பிள்ளை ஒருத்தி, 2009 ஒக்டோபர்ல பாலம் திறக்கு மட்டும் மிதவைப் பாதையில கடலைக் கடந்து டியூஷனுக்கு வந்தவ. பாதை பிந்தினா கிளாஸும் பிந்தும். அவவே பி, பி, சி எடுத்தா. நான் டவுனுக்குள்ள சைக்கிள்ல பத்து நிமிஷத்தில இருந்துகொண்டு எஸ் எடுத்தனான்.

சரி, செகண்ட் ஷை. வீறாப்பாத் தொடங்கினன். முதல் மூண்டு மாசம் நித்திரை. (பொய் சொல்லி என்ன பிரயோசனம்.) பிறகு கெமிஸ்ட்ரிக்கு மட்டும் மூண்டு சேர்மாரிட்ட கிளாஸ். யாழ்ப்பாணத்தில பேர்போன ஒரு சேரின்ர டியூட்டை பஸ்ஸில பார்சல் போட்டு எடுப்பிச்சனான். மூண்டு பேரும் ஒரே சமன்பாட்டை மூண்டு கலர்ல எழுதினவை. எனக்குக் கலர்தான் பாடமாச்சு.

வீட்டில புழுக்கம் எண்டு பின்னேரங்களில கோட்டைக்குள்ள, கோணேசர் கோயிலுக்கு ஏறுற வழியில மரத்தடியில போய் இருப்பன். அங்க மானுகள் திரியும் தெரியும்தானே. வெளியூர்ச் சனம் படம் எடுத்து "ஐயோ எவ்வளவு வடிவு" எண்ணும். திருகோணமலைக்காரருக்குத் தெரியும், அதுகள் கொம்பு வைச்ச ஆடுகள். பை, பேப்பர், வாழைப்பழத்தோல், வித்தியாசம் பாக்காது. ஒருநாள் சேதன இரசாயன டியூட்டை மடியில வைச்சபடி கண் அயர்ந்திட்டன். சரக் எண்டு ஒரு சத்தம். முழிச்சுப் பாத்தா ஒரு மான் பென்சீன் வளையத்தைச் சப்பிக்கொண்டு நிக்குது.

இழுத்தன். அதுவும் இழுத்தது. ஒரு மூலை அதுக்கு, மிச்சம் எனக்கு.

அந்த மூலையில இருந்த தாக்கம் அந்த வருஷப் பேப்பர்ல வந்தது. சத்தியமா.

சரி, பகிடியை விடுவம். பிழை மானில இல்ல. பிழை பிசிக்ஸில இருந்தது. எனக்குப் பிசிக்ஸ் எண்டா பயம். சுழற்சி இயக்கம், இலத்திரனியல் எல்லாம் முதல்தரமே விட்டுட்டன். ரெண்டாந்தரம் அதையே விட்டுட்டு, ஏற்கெனவே தெரிஞ்ச பயோவை இன்னும் மினுக்கினன். ஏன்? பி-யை ஏ ஆக்கினா ரிசல்ட் பாக்க வடிவு. பிசிக்ஸ் எப்பிடியும் எஸ்தான் எண்டு முடிவு கட்டிட்டன்.

இசட் ஸ்கோருக்கு ஏ, பி, சி தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது புள்ளி மட்டும்.

சும்மா ஒரு கணக்கு போடுவம் (இலக்கங்கள் என்ர கற்பனை, முறை உண்மை). பயோவில சராசரி 45, நியம விலகல் 18 எண்டு வைப்பம். நான் 70 இல இருந்து 76 க்கு ஏறினா பி போய் ஏ வரும். வீட்டில கேக் வெட்டுவினம். இசட் எவ்வளவு கூடும்? 6 ஐ 18 ஆல பிரிச்சா 0.33. மூண்டு பாடத்துக்கும் பங்கு போட்டா 0.11.

பிசிக்ஸில சராசரி 40, நியம விலகல் 15. நான் 37 இல இருந்து 52 க்கு ஏறுறன். முதலும் எஸ், இப்பவும் எஸ். (எஸ் எண்டது 35 இல இருந்து 54 மட்டும்.) ஆரும் கேக் வெட்ட மாட்டினம். மாமி "இன்னும் எஸ்தானா?" எண்டு கேப்பா. ஆனா இசட் 1.0 கூடும். பங்கு போட்டா 0.33. அந்த வடிவான ஏ-யை விட மூண்டு மடங்கு!

இதை நான் விளங்கினது ரிசல்ட் வந்த பிறகு. பயோ ஏ, கெமிஸ்ட்ரி பி, பிசிக்ஸ் எஸ். கேக்கும் வெட்டினாங்கள். மெடிசின் வரேல்ல.

பிசிக்ஸ் பேப்பர் கஷ்டமா வருது எண்டு அழுறவை இதைக் கவனியுங்கோ. பேப்பர் எல்லாருக்கும் கஷ்டம் எண்டா சராசரி கீழ விழும், அதில கொஞ்சம் மேல நிக்கிறவருக்கு லாபம். ரெண்டாந்தரம் எடுக்கிறவைக்கு லாபம் இருக்கிறது பயந்து விட்டுவைச்ச பாடத்திலதான். அங்கதான் ஏற இடம் கிடக்கு. 90 எடுக்கிற பாடத்தில இன்னும் பத்துக்கு எங்க போவியள்?

*

என்ர 2011 கதையில இன்னொரு அத்தியாயம் இருக்கு. இது எனக்கு மட்டும் நடந்ததில்ல, அந்த வருஷம் எழுதின முழு நாட்டுப் பிள்ளையளுக்கும் நடந்தது.

அந்த வருஷம் புதுப் பாடத்திட்டத்தில முதல்தடவையாச் சோதினை. முதல்தரம் எழுதினவைக்குப் புதுப் பேப்பர். எங்களை மாதிரி ரிப்பீட் காரருக்குப் பழைய பேப்பர். ரெண்டு பேப்பர், ரெண்டு கூட்டம். ஆனா இசட் ஸ்கோர் போடேக்க ரெண்டையும் சேத்துக் கணக்குப் பாத்திட்டினம். புழுங்கலையும் பச்சையையும் ஒரே பானையில போட்டு ஒரே நேரம் இறக்கின மாதிரி. ஒண்டு குழைஞ்சு போகும், மற்றது நறுக்கரிசியா நிக்கும்.

2011 டிசம்பர் கடைசியில ரிசல்ட் வந்தது. மாவட்ட நிலையெல்லாம் குழம்பிப்போய்க் கிடந்தது. கடைசியா 2012 ஜூனில உயர் நீதிமன்றம், இது ரெண்டும் வேற வேற தொகுதி, தனித்தனியாக் கணிக்கோணும் எண்டு சொன்னது. திரும்பக் கணக்கு. திரும்ப இசட் ஸ்கோர். அது முடிய, ஜூலையில இருந்து விரிவுரையாளர்மார் கல்விக்கு ஆறு வீதம் கேட்டு வேலைநிறுத்தம், ஒக்டோபர் மட்டும் இழுத்தது.

யோசிச்சுப் பாருங்கோ. ஜூனில தீர்ப்பு, ஓகஸ்ட்டில அடுத்த ஏ.எல். மூண்டாந்தரம் எடுக்கிறதா இல்லையா எண்டு முடிவெடுக்க உங்களிட்ட இருக்கிற ரிசல்ட்டே சரியோ பிழையோ தெரியாது! எங்கட செட்டில கனபேர் "எதுக்கும் எழுதி வைப்பம்" எண்டு எழுதினவை. நான் எழுதேல்ல. துணிவு தீந்துபோச்சு. அம்மா ஒண்டும் சொல்லேல்ல. அப்பா பின்னேரத்தில டச்சு பே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கடலை வாங்கித் தந்தார், அவரும் ஒண்டும் சொல்லேல்ல.

அதால, புதுப் பாடத்திட்டம் வருகிற வருஷத்தில ரிப்பீட் எடுக்கிற பிள்ளை இருந்தா, நல்லா யோசியுங்கோ. இப்ப தொகுதியைப் பிரிச்சுத்தான் பாக்கோணும் எண்ட தீர்ப்பு இருக்குது. எண்டாலும் பழைய பாடத்திட்டத்துக்கு டியூட் இருக்காது, கிளாஸ் இருக்காது, சேர்மாருக்கே பழசு மறந்துபோயிருக்கும்.

*

கடைசியில எனக்குக் கிடைச்சது உயிரியல் விஞ்ஞானம். போனன். (நல்லாத்தான் இருந்தது. தவளையை வெட்டினது தவிர.)

அங்கதான் தம்பியின்ர "சி-க்கு மேல குடுக்க மாட்டாங்கள்" கதை. ரெண்டாம் வருஷம் பௌதிக இரசாயனத்தில விழுந்தன். முழுக்க என்ர பிழை, சோதினைக்கு முதல் நாள் தோழியின்ர கல்யாணத்துக்கு மட்டக்களப்புக்குப் போனனான். அடுத்த வருஷம் திரும்ப எழுதினன். இந்தமுறை வெறியோட படிச்சன். முதல் ஆளாப் பேப்பரைக் குடுத்திட்டு வெளியில வந்தன். ரிசல்ட் போட்டாங்கள்: சி.

எங்கட கம்பஸுகளில கனக்க இடத்தில சட்டம் அப்பிடி. ரிப்பீட் எண்டா எவ்வளவு எடுத்தாலும் கூடினபட்சம் சி. 2.0. டிரான்ஸ்கிரிப்டில அது இண்டைக்கும் பல்லிளிச்சுக்கொண்டு இருக்கு. கிளாஸ் எடுக்கிற ஆசைக்கு அண்டைக்கே பால் வார்த்தாச்சு.

இது அநியாயமா? பாதி அநியாயம் எண்டு நினைக்கிறன். முதல்தரமே பாஸ் பண்ணினவைக்கு ஒரு மரியாதை வேணும், அது சரி. ஆனா ரெண்டாந்தரம் ஒராள் உண்மையாவே விளங்கிப் படிச்சா அந்த விளக்கத்துக்கு ஒரு பெறுமதியும் இல்லையா? நான் இண்டைக்கும் வெப்ப இயக்கவியலை நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன். முதல்தரம் பி எடுத்தவையை எழுப்பிக் கேட்டுப் பாருங்கோ.

(ஒரு குறிப்பு, கம்பஸ் பிள்ளையளுக்கு: உண்மையாவே வருத்தம் எண்டா அரைகுறையா எழுதாதேங்கோ. மெடிக்கல் ஒழுங்காக் குடுத்து அதை ஏத்துக்கொண்டா அடுத்தமுறை எழுதிறது முதல்தரக் கணக்கில போகும். எத்தனையோ பேர் காய்ச்சலோட போய் எழுதி விழுந்து, பிறகு சி-யோட வாழுகினம். வீரம் வேற, விவேகம் வேற.)

*

இனி மச்சாளின்ர கதை. அங்க அமெரிக்காவில மெடிசின் எண்டது ஒரு டிகிரி முடிச்ச பிறகுதான். அந்த டிகிரியில எடுத்த ஒவ்வொரு பாடத்தின்ர கிரேட்டும் ஜி.பி.ஏ யாப் போகும். மகன் சேதன இரசாயனத்தில சி எடுத்தான். (பாருங்கோ, மான் மட்டுமில்ல, பென்சீன் எல்லாரையும் கடிக்குது.) திரும்ப எடுத்தான், ஏ. மச்சாள் பால்சோறு காய்ச்சிச் சாமிக்கும் படைச்சிட்டா.

பிறகுதான் தெரியும், எம்.டி படிக்க விண்ணப்பம் போற பொதுச் சேவை ரெண்டையும் எண்ணும். நாலு கிரெடிட் பாடம் எண்டா, சி-க்கு நாலு ரெண்டு எட்டு, ஏ-க்கு நாலு நாலு பதினாறு, கூட்டினா 24, எட்டுக் கிரெடிட்டால பிரிச்சா 3.0. ஏ எடுத்த பிள்ளைக்குக் கையில வந்தது பி. அவன் படிச்ச கொலிஜ் தன்ர டிரான்ஸ்கிரிப்டில பழசை அழிச்சுப் புதுசை வைச்சாலும், விண்ணப்பச் சேவை கேக்காது. உடைஞ்ச கோப்பையையும் புதுக் கோப்பையையும் பக்கத்தில பக்கத்தில அடுக்கி வைக்கும்.

அங்கயே ஒஸ்டியோபதி டொக்டர்மாருக்கு எண்டு வேற விண்ணப்பச் சேவை இருக்கு. அது 2017 மட்டும் கடைசியா எடுத்த கிரேட்டை மட்டும் எண்ணினது. ரிப்பீட் காரருக்கு அது ஒரு பின்வாசல். அந்த வருஷம் அதையும் மூடிப்போட்டினம்.

இன்னொண்டும் அவன் செய்தான். ரெண்டாந்தரம் எடுத்தது தன்ர கொலிஜில இல்ல, கோடை விடுமுறைக்குள்ள லேசான ஒரு இடத்தில. ஜி.பி.ஏ கணக்குக்கு ரெண்டும் ஒண்டுதான், கஷ்டமான இடத்து ஏ எண்டு ஒரு தசமமும் கூட்டித் தராது. ஆனா விண்ணப்பத்தை வாசிக்கிற மனுசருக்குக் கண் இருக்குத்தானே. கஷ்டமான இடத்தில விழுந்து லேசான இடத்தில எழும்பினவனைப் பாத்து அவை என்ன நினைப்பினம்? நான் மச்சாளிட்ட சொன்னன், அடுத்ததா அதைவிடக் கஷ்டமான பாடம் ஒண்டை, உயிர் இரசாயனத்தை, அவன்ர சொந்தக் கொலிஜில எடுத்து நல்லாச் செய்யச் சொல்லுங்கோ எண்டு. பழைய சி-யை அழிக்கேலாது. ஆனா அதுக்குப் பக்கத்தில நிக்கிற ஆளை மாத்தலாம். மச்சாள் சீலிங்கை எனக்குக் காட்டியபடி யோசிச்சா.

தமிழ்நாட்டுப் பக்கம் பாத்தா நீட். எத்தனை தரம் எண்டாலும் எழுதலாம், பழசு ஒண்டும் ஒட்டாது. எங்களுக்கு மூண்டு எண்டு ஒரு கயிறாவது இருக்கு. அங்க அது இல்ல. 2021 இல, நீட்டை ஆராஞ்ச நீதிபதி ஏ.கே. ராஜன் குழு குடுத்த அறிக்கை, 2020-21 இல மருத்துவத்துக்குப் போனவையில 71 வீதத்துக்கு மேல ரிப்பீட் காரர் எண்டு சொன்னது. நீட்டுக்கு முதல் அது 12 வீதமளவில. ரெண்டு மூண்டு வருஷம் வீட்டில இருத்திக் கோச்சிங்குக்குக் காசு கட்டக்கூடிய அப்பா அம்மா இருந்தா இருக்கலாம். கட்டேலாதவையின்ர பிள்ளை முதல்தரத்தோட வேலைக்குப் போயிடும். ரிப்பீட்டுக்கு மார்க்ஸ் வெட்டிறதில்ல, ஆனா ஆருக்கு ரிப்பீட் எடுக்க வசதி எண்டதில ஒரு வெட்டு இருக்கு. எங்கட ஊரிலயும் அதுதான். முள்ளிப்பொத்தானையில, வெருகலில, சம்பூரில எத்தனை வீட்டில ஒரு பிள்ளையை இன்னொரு வருஷம் சும்மா வைச்சிருக்கேலும்?

*

மாநாட்டில பெரியப்பாவும் வந்து சேந்தார். யாழ்ப்பாணத்துப் பெரியப்பா. வந்ததும் தொடங்கிட்டார்: "உங்களுக்கென்ன, உங்கட மாவட்டத்துக்குக் கட் ஓஃப் குறைவு."

இது உண்மை. இடங்களில 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 வீதம் பின்தங்கின 16 மாவட்டத்துக்கு. திருகோணமலை அந்தப் பதினாறில ஒண்டு. (யாழ்ப்பாணமும் அதில இருக்குப் பெரியப்பா! எண்டன். முகம் கறுத்துப்போச்சு.)

பெரியப்பாவின்ர கோவத்தை நான் பகிடி பண்ணக்கூடாது. அவர் தரப்படுத்தல் காலத்து ஆள். 1971 இல மருத்துவத்துக்குப் போக 400 இல சிங்கள மொழியில எழுதினவைக்கு 229 காணும், தமிழ்ல எழுதினவைக்கு 250 வேணும். அதை அந்த வயசில தாங்கினவருக்கு "மாவட்டம்", "கோட்டா" எண்ட சொல்லு காதில விழுந்தாலே இரத்தம் கொதிக்கும். 1974 இல மாவட்டக் கோட்டா வந்தபோது யாழ்ப்பாணம் இன்னும் இழந்தது. ஆனா அதே கோட்டாவாலதான் எங்கட அம்மாவின்ர ஊரில, கொட்டியாரத்துப் பக்கம், முதல் டொக்டர் வந்தது எண்டு அம்மா சொல்லுவா. ஒரே சட்டம், ரெண்டு தமிழ் வீட்டில ரெண்டு கதை. பெரியப்பாவும் அம்மாவும் ஒரே மேசையில இருந்து சாப்பிட்டினம், சண்டை பிடிச்சபடி.

ரெண்டாந்தரம் எடுக்கிற பிள்ளைக்கு இதில இருந்து வேண்டிய விசயம் ஒண்டுதான்: உங்கட எதிராளி முழு நாடும் இல்ல, முதல்ல உங்கட மாவட்டம். போன ரெண்டு மூண்டு வருஷத்து மாவட்ட வெட்டுப்புள்ளியை எடுத்து வைச்சுக்கொண்டு, உங்களுக்கு எவ்வளவு காணாது எண்டு பாருங்கோ. 0.1 காணாது எண்டா அது ஒரு கதை. 0.8 காணாது எண்டா அது வேற கதை, அதுக்கு மூண்டு பாடத்திலயும் அடியோட மாத்தம் வேணும்.

*

கடைசியா எங்கட பிள்ளை.

அவ முதல்தரம் எழுதினது 2024 நவம்பர்ல. தொடங்கி ரெண்டு நாளில மழை, வெள்ளம், ஃபெங்கல் புயல் எண்டு சோதினையையே நிப்பாட்டி டிசம்பர்ல திரும்பத் தொடங்கினது ஞாபகம்தானே. படிச்சதெல்லாம் தலையில ஊறிப்போய்க் கிடந்தது எண்டு சொல்லுறா. ரிசல்ட் 2025 ஏப்ரல் கடைசியில: பயோ பி, கெமிஸ்ட்ரி பி, பிசிக்ஸ் சி. மெடிசினுக்குக் காணாது. வேற ஏதாவது கட்டாயம் கிடைக்கும். கோணேசபுரி வளாகத்தில சித்த மருத்துவம் இருக்கு, வீட்டில இருந்தே போய் வரலாம் எண்டு அக்காவுக்கு ஆசை. அத்தானுக்கு யாழ்ப்பாணம் அனுப்பி டியூஷன். அடுத்த சோதினை நவம்பர்ல. கணக்குப் பாத்தா ஆறு மாசம் மிச்சம். எங்கட காலத்தில ரிசல்ட்டுக்கும் அடுத்த சோதினைக்கும் இடையில கிடைச்சதை விடக் குறைவு.

எல்லாரும் போனபிறகு பிள்ளை என்னட்ட வந்தா.

"சித்தி, நீங்க என்ன சொல்லுறியள்?"

நான் ஒண்டும் சொல்லேல்ல. ஒரு வெள்ளைத் தாள் எடுத்தன். போன நாலு வருஷத்துப் பிசிக்ஸ் பேப்பரை, அம்பது எம்.சி.கியூ, ரெண்டு மணித்தியாலம், மணிக்கூட்டை வைச்சு ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்யச் சொன்னன். நாலு கிழமை. புள்ளி ஏறுதா பாப்பம். ஏறினா எடுப்பம். ஏறாட்டி அதையும் பாப்பம். மெடிசின் விருப்பமோ, இல்ல மாமிக்குப் பதில் சொல்ல விருப்பமோ எண்டதையும் அதுக்குள்ள யோசி எண்டன். (இதை நான் என்னட்டயே 2011 இல கேட்டிருக்கோணும்.)

முதல் சனி 19. ரெண்டாவது சனி 24. இண்டைக்குக் காலமை 23, அதுக்கு அழுகை, பிறகு இடியப்பம், பிறகு திரும்பத் திருத்தல்.

மத்தியானம் என்ர பழைய பெட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தா. என்ர 2011 டியூட்டெல்லாம் அதுக்குள்ள. எலியும் கரப்பானும் மிச்சம் வைச்சது. மஞ்சளாப்போன ஒரு சேதன இரசாயனத் தாளைத் தூக்கிப் பிடிச்சா.

"சித்தி, இதில ஒரு மூலையைக் காணேல்ல."

"மான் திண்டது."

கொஞ்ச நேரம் தாளைப் பாத்தா, பிறகு என்னைப் பாத்தா.

"அது எந்த மான்? இப்பவும் கோட்டையடியில நிக்குதோ? பேப்பருக்கு என்ன கேள்வி வரும் எண்டு அதுக்குத் தெரிஞ்சிருக்கு சித்தி. பின்னேரம் போய் இந்த வருஷத்துக்கும் கேட்டிட்டு வருவமா?"